ஆமென் வராத நான்கு மாதம்

பெராக்காவிளைச் சபையாரின் வாயை விட்டு ஆமென் போய்விட்ட அந்த வருஷம், உயிர்த்தெழுந்த பண்டிகை கழிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், லீதியாள் கோயிலின் கடைசிப் பாயில், செருப்புகள் கிடக்கும் வாசலை ஒட்டி, ஏழு மாதக் கைப்பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு முழங்காலில் நின்றிருந்தாள். பிள்ளைக்கு மூன்று நாளாக அடித்த காய்ச்சல் அன்று காலையில்தான் விட்டிருந்தது. முன்னால், பீடத்துக்குப் பக்கத்தில், சபைக் காரியதரிசி பொன்சாமுவேல் அண்ணாச்சி பொது ஜெபம் ஏறெடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய ஜெபத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். சுற்றுவட்டாரத்துப் பதினாறு சபைகளிலும் அவரைப்போல ஜெபிக்க ஆள் கிடையாது. வானத்தில் தொடங்கி, கடலில் இறங்கி, தேரிக்காட்டுச் செம்மணலைத் தொட்டு, மழைக்காகவும், முருங்கைப் பூ உதிராமல் நிற்பதற்காகவும், வெளிநாட்டில் வேலைபார்க்கும் பிள்ளைகளுக்காகவும், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்காகவும், கடைசியில் தம்மைப் பகைக்கிறவர்களுக்காகவும் குரல் தழுதழுக்க மன்றாடி முடிக்கும்போது அரைமணி நேரம் ஓடியிருக்கும், அடுப்பில் கறியை வைத்துவிட்டு வந்த பெண்கள் மனதுக்குள் அடுப்பை மூன்று தடவை அணைத்திருப்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான், "ஒரே சிந்தையும் ஒரே அன்பும் உள்ள இந்தச் சபைக்காக உம்மைத் துதிக்கிறோம் பிதாவே" என்று முடித்து வாயைத் திறந்தார். ஆமென் வரவில்லை.

தொண்டையைக் கனைத்துவிட்டு மறுபடி திறந்தார், அப்போதும் வரவில்லை. சரி, நாம் சொல்லிவிடுவோம் என்று முந்நூறு பேர் வாயைத் திறந்தார்கள். முந்நூறு பேருக்கும் வரவில்லை. காற்று வந்தது, இருமல் வந்தது, ஒருவருக்கு ஏப்பம் வந்தது, ஆமென் மட்டும் வரவில்லை.

ஆமென் விழாமல் கண் திறப்பதும் முழங்காலை விட்டு எழுவதும் பெராக்காவிளையில் வழக்கமில்லை. சின்ன வயதில் பாதி ஜெபத்தில் கண் திறந்து பார்த்து, தொடையில் கிள்ளு வாங்காதவர் அந்த ஊரில் ஒருவரும் இல்லை. ஆகவே முந்நூறு பேரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, முழங்கால் மரத்துப்போய், பக்கத்தில் இருப்பவருக்காவது வந்துவிடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கால்மணி நேரம் ஆயிற்று. யார் வீட்டிலிருந்தோ கறி அடிப்பிடிக்கிற வாடை வந்தது.

லீதியாளுக்கு இதொன்றும் தெரியாது. அவள் அண்ணாச்சியின் ஜெபத்தை வானத்தோடு விட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தாள். "காய்ச்சல் விட்டுட்டு ஆண்டவரே. நேத்து ரொம்பப் பயந்து போயிட்டேன். நன்றி. ஆமென்." கடைசி வார்த்தை கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் முந்நூறு பேரும் பெருமூச்சு விட்டு, கண்ணைத் திறந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள். யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தவர்கள், கடைசிப் பாயைப் பார்த்ததும் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அந்தக் கடைசிப் பாய் லீதியாள் தானாகத் தேர்ந்துகொண்ட இடமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் பக்கத்து ஊர் சுப்பையாவைக் கட்டிக்கொண்டாள். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். முருங்கைக்காய் ஏற்ற வந்த இடத்தில், காய்களைத் தரம் பிரித்துக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்த அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள். பதிவாளர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. அவன் அவன் சாமியைக் கும்பிட்டான், அவள் அவள் ஆண்டவரைத் தொழுதாள், சண்டை வந்தால் குழம்பில் உப்புக்காகத்தான் வந்தது. சபை அவள் பேரை டாப்பு என்கிற சபைப் பேரேட்டிலிருந்து அடித்தது. திருவிருந்து இல்லை என்றது, கடைசிப் பாயைக் காட்டியது. பிள்ளை பிறந்து, ஞானஸ்நானம் கொடுங்கள் என்று அவள் சபைக் குருவான ஐயரிடம் போய் நின்றபோது, சபை முன்னால் வந்து, அஞ்ஞானியைக் கட்டியது பாவம், மன்னியுங்கள் என்று மூன்று வரி சொன்னால் கொடுக்கலாம் என்றது.

"ஏட்டி, மூணு வரிதான? சொல்லிட்டு வந்துரு," என்றான் சுப்பையா. "எனக்கு ஒண்ணும் கோவமில்ல. வீட்டுக்கு வந்து என்னை நாலு வரி புகழ்ந்துரு, கணக்குச் சரியாப் போயிரும்."

"பொய் சொன்ன வாயோட போயி, எம் புள்ள தலையில தண்ணி ஊத்துங்கன்னு எப்படிக் கேப்பேன்?" என்றாள் லீதியாள்.

அவள் சொல்லவுமில்லை, கேட்பதை விடவுமில்லை. கோயிலின் வடமேற்கு மூலையில் இருந்த கல்தொட்டியில், அவள் தலை நனைந்த, அவள் அம்மா தலை நனைந்த அந்தத் தொட்டியில், தன் பிள்ளையின் தலையும் நனையவேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் அவளுக்கு வேறு ஆசையே இல்லை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் தொட்டிக்குப் பக்கத்தில் போய் ஒரு நிமிஷம் நிற்பாள். யாராவது பார்த்தால், பிள்ளைக்குப் பல்லி காட்டுவதுபோலச் சுவரைக் காட்டுவாள்.

அந்த ஞாயிறோடு ஆமென் போனது போனதுதான். மறுநாளே ஊரில் சித்தரத்தையும் கற்பூரவல்லியும் காலியாயின. எல்லோருக்கும் தொண்டை என்று முடிவு செய்து, ஒரு வேன் நிறையப் பேர் பாளையங்கோட்டைக்குப் போய்த் தொண்டை டாக்டரிடம் வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்து, ஆ சொல்லச் சொன்னார், எல்லோரும் ஆ சொன்னார்கள். மென் சொல்லச் சொன்னார், சொன்னார்கள். சேர்த்துச் சொல்லுங்கள் என்றதும் வேன் நிறைய வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆமென் வேண்டாம், அதே அர்த்தத்தில் தமிழில் சொல்லிக்கொள்ளலாம் என்றார் உபதேசியார். "அப்படியே" வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. போன வருஷத்துக் கன்வென்ஷன் கூட்டத்துப் பதிவை ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள், பிரசங்கம் முழுக்கக் கேட்டது, ஆமென் வரவேண்டிய இடங்களிலெல்லாம் கொரகொரவென்று சத்தம் வந்தது. பாடகர் குழுவில் யாருக்கும் வராததால் ஆர்மோனியத்தை மட்டும் வாசிக்கவிட்டார்கள். ஆர்மோனியத்துக்கு ஆமென் அழகாக வந்தது, அதற்கு யார்மேலும் வருத்தமில்லை. ஆனால் ஆர்மோனியத்தின் ஆமெனை ஜெபத்துக்கு ஏற்றுக்கொள்வதா என்று சபைமன்றம் கூடிப் பேசி, மூன்று கூட்டத்திலும் முடிவு எட்டாமல், இப்படி ஒரு காரியம் நடந்ததாகவே குறிப்பேட்டில் எழுதவேண்டாம் என்று தீர்மானம் போட்டு, அந்தக் கூட்டத்தை முடிக்க ஜெபம் செய்து, ஆமென் வராமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். ஆள் அனுப்பி லீதியாளைக் கூப்பிட்டு வந்துதான் வீட்டுக்குப் போனார்கள்.

அப்படித்தான் அவளைக் கூப்பிடுகிற வழக்கம் தொடங்கியது. முதலில் தயங்கித் தயங்கி வந்தார்கள், பிறகு உப்புக் கேட்க வருவதுபோல வந்தார்கள். சாப்பாட்டு ஜெபம் முடியாமல் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் வா லீதியா. புதுவீட்டு ஜெபம் முடியாமல் ஐயர் நிற்கிறார், பால் பொங்கி வழிகிறது, ஓடிவா மைனி. அவள் முருங்கைக்காய்க் கட்டை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். வாசலில் நின்று ஜெபத்தைக் கேட்பாள். மனசுக்குச் சரியென்று பட்டால் ஆமென் சொல்லிவிட்டுத் திரும்புவாள். சில வீடுகளில் காபி கொடுத்தார்கள். அதில் பாதி வீடுகள் அவள் கல்யாணத்துக்குப் பிறகு படியேறாத வீடுகள்.

எல்லா ஜெபத்துக்கும் அவளுக்கும் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மேலத்தெருவில் கிருபைராஜ், தவராஜ் என்று அண்ணன் தம்பி. நடுச்சுவர் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. கிருபைராஜ் தன் வீட்டில் ஜெபம் வைத்து, "என் சத்துருவின் வாயை அடையும்" என்று முடித்துவிட்டு லீதியாளைப் பார்த்தார். லீதியாள் வாயைத் திறந்தாள், வரவில்லை.

"என்ன புள்ள, உனக்குமா?" என்றார் அவர்.

"உங்க தம்பி வாய அடைக்கதுல எனக்கென்ன அண்ணாச்சி சந்தோசம்? மனசொத்தாத்தான வரும்."

பந்திப்பாயில் சோறு போட்டாயிற்று, பிள்ளைகள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கிருபைராஜ் நடுச்சுவரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடாமலே, கோபத்தோடு, "ஆறு வருசமா அவன் மூஞ்சியப் பாக்கல. அம்மா சாவுக்குக்கூட தனித்தனியா அழுதோம். எனக்குக் கஷ்டமாயிருக்கு, அவ்வளவுதான்," என்றார். அவர் வாயிலிருந்தே ஆமென் வந்தது, லீதியாளுக்கு முந்திக்கொண்டு. அவர் பயந்து வாயைப் பொத்திக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த தவராஜுக்கும் வந்துவிட்டது.

இது தெரிந்த பிறகு ஊரில் ஜெபங்கள் குட்டையாயின. வானமும் கடலும் போயின. "ஆண்டவரே, பசிக்குது, ஆமென்" என்று மூன்று வயதுப் பிள்ளை ஒன்று சொல்ல, அந்த வீட்டில் அன்றைக்குச் சூடாகச் சாப்பிட்டார்கள். ஒரு கல்யாணத்தில் நானூறு பேருக்கும் வராத ஆமென், மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மட்டும் ஒரே நேரத்தில் வர, நானூறு பேரும் சிரித்துக் கைதட்டினார்கள். வீடுகளில் இப்படி ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தாலும் கோயிலுக்குள் மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வெளுத்த வேட்டியும் பட்டுச்சேலையுமாக வந்து உட்கார்ந்ததும் பழைய குரல் வந்துவிடும், பழைய ஜெபம் வந்துவிடும், ஆமென் போய்விடும். அப்புறம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பாய்க்காகக் காத்திருப்பார்கள். அந்தப் பாயை முன்னால் கொண்டுவந்து போடலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

லீதியாளுக்கு இதில் கொஞ்சம் பெருமை இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய். தெருவில் நடக்கும்போது அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்கிற விதமே மாறியிருந்தது. "ஐயரம்மாவவிட நடை கூடிப்போச்சு ஒனக்கு," என்று சுப்பையா கேலி செய்தான். அவள் அவன்மேல் ஒரு முருங்கைக்காயை எறிந்தாள்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், முருங்கைத் தோட்டத்துக்குள் காய் பறித்துக்கொண்டு போனவள், பொன்சாமுவேல் அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் ஆள் நடமாட்டமில்லாத கடைசி வரப்பில், கைகளைக் கட்டிக்கொண்டு, மரங்களுக்கு முன்னால் நின்று வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். சட்டை முதுகில் வியர்வையால் ஒட்டியிருந்தது. ஊரே அண்ணாந்து பார்த்த மனிதர் முருங்கை மரத்துக்கிட்ட ஆமென் சொல்லிப் பழகிக்கொண்டிருப்பதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது.

"அண்ணாச்சி," என்றாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"லீதியாளா," என்றார். அவர் அவள் பேரைச் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "நல்லதாப் போச்சு, நானே ஒன்னைப் பாக்கணும்னு இருந்தேன். அசனம் வருதுல்லா."

அசனப் பண்டிகை என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. வருஷத்துக்கு ஒருநாள், கோயில் மைதானத்தில் நாற்பது வட்டையில் சோறு பொங்கி, புதுப் பனையோலைப் பாய்களில் மலையாகக் கொட்டி, ஆட்டுக்கறிக் குழம்பும் கத்தரிக்காய்க் கூட்டும் வைத்து, சாதி மதம் பார்க்காமல் வருகிறவர்கள் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பார்கள். எட்டாயிரம் பேர் வருவார்கள். சோற்றுமலைக்கு முன்னால் நின்று ஜெபிக்கிற உரிமை பொன்சாமுவேல் குடும்பத்துடையது. அவர் தாத்தா ஜெபித்தார், அப்பா ஜெபித்தார், இருபத்திரண்டு வருஷமாக அவர் ஜெபிக்கிறார். அந்த ஜெபத்துக்கு ஆமென் விழாமல் ஒரு பருக்கையைக்கூட யாரும் தொடமாட்டார்கள்.

"எட்டாயிரம் பேர் இலை முன்னால உக்காந்திருக்கும்போது வாயைத் தொறந்துட்டு நிக்க என்னால முடியாது, புள்ள," என்றார். குரலில் அந்தத் தழுதழுப்பு இல்லை. "நீ ஒரு ஆமென் சொல்லிரு. ஒம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நான் முடிச்சுத் தாரேன். அந்த மூணு வரிகூட வேண்டாம். அசனத்துக்கு மறுநாள், செவ்வாக்கிழமை மத்தியானம், கோயில்ல யாரும் இல்லாதப்ப ஐயரக் கூட்டிட்டு வாரேன். கதவச் சாத்திட்டு முடிச்சிரலாம். டாப்புல எழுதவேண்டாம். வெளிய சொல்லவேண்டாம்."

லீதியாள் பிள்ளையை நினைத்தாள். கல்தொட்டியை நினைத்தாள். கதவைச் சாத்தினாலும் தண்ணீர் தண்ணீர்தானே என்று நினைத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"சரி அண்ணாச்சி," என்றாள்.

அசனத்தன்று காலை பத்து மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. தேரிக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வேனிலும் டிராக்டரிலும் நடந்தும் வந்திருந்தார்கள். சுப்பையா வருஷாவருஷம் கறிவட்டையில் நிற்கிறவன், அன்றைக்கும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஆள் உயர அகப்பையோடு புகைக்குள் நின்றான். பன்னிரண்டு மணிக்கு வட்டைகளைச் சாய்த்துச் சோற்றைக் கொட்டினார்கள். ஆவி எழுந்து, முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கோயில் கோபுரமே மறைந்துபோயிற்று. எட்டாயிரம் வாழையிலைகளில் தண்ணீர் தெளித்தாயிற்று. லீதியாளை, பிள்ளையும் கையுமாக, சோற்றுமலைக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள்.

பொன்சாமுவேல் அண்ணாச்சி ஜெபித்தார். அவர் வாழ்நாளின் மிக அழகான ஜெபம் அதுதான் என்று கேட்டவர்கள் சொல்வார்கள். வானத்திலிருந்து மன்னா இறங்கியது, கடல் இரண்டாகப் பிரிந்தது, ஒருவரையும் புறம்பே தள்ளாத இந்தச் சபையின் அன்பு தேரிக்காடெங்கும் மணம் வீசியது. முடித்துவிட்டு, கண்ணைத் திறக்காமல், லீதியாள் இருந்த பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்தார்.

லீதியாள் வாயைத் திறந்தாள். வரவில்லை.

அவள் மறுபடி முயன்றாள். நான்கு மாதமாக வீடுவீடாகப் போய்ச் சொன்ன வார்த்தை, அடி நாக்கில் எங்கேயும் இல்லை. இடுப்பில் இருந்த பிள்ளை அவள் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தது. அவள் அந்த விரலை எடுத்துவிட்டாள். தான் மற்றவர்களைப்போல இல்லை என்று நினைத்துத் தெருவில் நடந்ததெல்லாம் நினைவுக்கு வந்து முகம் எரிந்தது. எட்டாயிரம் பேர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள், குழந்தைகள் அழத்தொடங்கின, சோற்றின் ஆவி குறைந்து கோபுரம் மறுபடி தெரிந்தது.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, ஓடினால் இத்தனை பேரும் பட்டினி கிடப்பார்களே என்று நினைத்தாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, நாலு அடி எடுத்துவைத்து, அண்ணாச்சி முன்னால் இருந்த மைக்குக்குப் பக்கத்தில் போனாள். கண்ணை மூடவில்லை.

"ஆண்டவரே, எனக்கும் வரல," என்றாள். நாலு திசையிலும் அது பெரிதாகக் கேட்டது. "இவுகளுக்கெல்லாம் வராதப்ப எனக்கு மட்டும் வந்துச்சு, அதுல எனக்குப் பெருமை வந்துட்டு, அத நீரும் பாத்திருப்பீரு. இப்ப எம் புள்ளைக்காக அந்த ஆமென வெலைக்குக் குடுத்துட்டேன். அண்ணாச்சி மேல மட்டும் தப்பில்ல. கேட்டது அவுக, சரின்னது நான். எம் புருசனக் கெட்டிக்கிட்டதுக்கு மன்னிப்புக் கேக்க நான் வரல. அந்த மனுசன எனக்குப் புடிச்சிருக்கு. இந்தப் புள்ளை நீரு தந்ததுன்னுதான் நான் நெனைச்சிக்கிட்டிருக்கேன், இல்லன்னா இப்பச் சொல்லிரும். எல்லாப் புள்ளைக்கும் ஊத்துன தண்ணிய இவளுக்கும் ஊத்தணும். கதவச் சாத்திக்கிட்டு இல்ல, ஊரறிய. பெறவு, இங்க இருக்க எல்லாருக்கும் பசிக்கி. எனக்கும் பசிக்கி. சோறு ஆறிட்டு இருக்கு. அவ்வளவுதான் ஆண்டவரே."

அவள் முடித்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் ஆமென் வந்துவிட்டது. வந்தது பொன்சாமுவேல் அண்ணாச்சியின் வாயிலிருந்து. அவர் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. அவருக்கு நிஜமாகவே பசித்தது, நிஜமாகவே வெட்கமாக இருந்தது, அந்தப் பெண் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது, அதனால் வந்துவிட்டது. அவர் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு குழந்தையைப்போல அழுதார். அவருக்குப் பின்னால் உபதேசியாருக்கு வந்தது, பாடகர் குழுவுக்கு நாலு குரலிலும் வந்தது, சபைமன்றத்துப் பன்னிரண்டு பேருக்கும் வரிசையாக வந்தது, அப்புறம் மைதானம் முழுவதுக்கும் ஒரேயடியாக வந்தது. நான்கு மாதமாகத் தேங்கிக் கிடந்த ஆமென் அத்தனையும் வெளியே வந்ததில் பனைமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பி வானத்தில் சுற்றின. கறிவட்டைக்குப் பக்கத்தில் சுப்பையாவுக்கும் வந்துவிட்டது. வாழ்நாளில் அந்த வார்த்தையைச் சொல்லியிராத மனிதன், யாரும் கேட்டுவிட்டார்களோ என்று வெட்கப்பட்டுக் குழம்பைக் கிண்டினான்.

சபைமன்றம் போட்ட தீர்மானத்தை மாற்றலாம், ஐயரை மாற்றலாம், ஆனால் சபை ஆமென் சொன்ன ஜெபத்தை மாற்றமுடியாது. இது பெராக்காவிளையில் ஒருவரும் எழுதிவைக்காத சட்டம். அதனால் எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். எலியேசர் ஐயர் சாதுவான மனிதர். தமக்கு முன்னால் இருந்த மூன்று ஐயர்களும் காரியதரிசியோடு ஒத்துப்போகாமல் மாற்றலாகிப் போனதை நினைத்து ஐந்து வருஷமாக அடக்கி வாசித்துக்கொண்டிருந்தவர். அவர் அங்கியைச் சரிசெய்துகொண்டு, "தண்ணி கொண்டாங்க," என்றார். யாரோ ஒரு வாளியைக் கொண்டு ஓடிவந்தார்கள்.

"கல்தொட்டியிலதான் ஐயா," என்றாள் லீதியாள்.

"அது கோயிலுக்குள்ள இருக்கேம்மா. இத்தனை பேரும் உள்ள வரமுடியாதே. நீதான ஊரறியன்னு கேட்ட."

"ஆமாய்யா. ரெண்டுந்தான் கேட்டேன்."

ஐயர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கிருபைராஜும் தவராஜும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டார்கள். பின்னாலேயே ஆறு பேர் போனார்கள், அகப்பையை எறிந்துவிட்டுச் சுப்பையாவும் போனான். வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை நகராத தொட்டி அது. அதைப் பெயர்த்து, உத்திரக்கட்டை கொடுத்துத் தூக்கி, வலது பக்கம், இடது பக்கம், பார்த்து வே, கால் பார்த்து என்று கத்திக்கொண்டு, சப்பரம் தூக்குகிறவர்களைப்போல ஆடி அசைந்து வெளியே கொண்டுவந்து, சோற்றுமலைக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். தொட்டியின் அடியில் இத்தனை காலம் குடியிருந்த இரண்டு தேரைகள் வெயிலைப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்திருந்தன. பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள்.

"இந்தப் பிள்ளைக்கு ஞானப்பெற்றோராக நிற்கிறவர்கள் முன்னால் வரலாம்," என்றார் ஐயர். முறைப்படி மூன்று பேர் போதும். இருநூறு பேர் வந்து நின்றார்கள்.

"பிள்ளைக்குப் பேர் என்ன?"

"ரெபேக்காள் பேச்சி," என்றாள் லீதியாள். பேச்சி, சுப்பையாவின் செத்துப்போன அம்மா பேர். மருமகள் வேறு சாமி என்று தெரிந்தும் முதல்நாளே கோழியடித்துக் குழம்பு வைத்துப் பரிமாறியவள்.

ஐயர் பழக்கதோஷத்தில் காரியதரிசியின் முகத்தைப் பார்த்தார். பொன்சாமுவேல் அண்ணாச்சி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பேரு நல்லாத்தான இருக்கு. ஊத்துங்கய்யா, புள்ளைக்கு வெயிலடிக்கி," என்றார்.

ஐயர் மூன்று தடவை தண்ணீர் அள்ளி, மூன்று திருநாமங்களையும் சொல்லி ஊற்றினார். ரெபேக்காள் பேச்சி ஒலிபெருக்கி இல்லாமலே மைதானத்தின் கடைசி இலைவரைக்கும் கேட்கும்படி வீரிட்டு அழுதாள். எட்டாயிரம் பேரும் சிரித்தார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, எல்லோரும் அமைதியாகி, இந்த ஆமென் அவளுடையது என்று தெரிந்து, லீதியாளைப் பார்த்தார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது. வாயைத் திறந்தாள். ஆமென் வந்தது. ஊருக்காக ஓடி ஓடிச் சொன்ன எதையும்விடப் பெரிதாக, தொண்டை கிழிய, சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

பந்தி தொடங்கியது. லீதியாள் முதல் வரிசையில், ஈரத் தலையோடு தூங்கிப்போன பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, சுப்பையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோறு வந்தது. கறிக் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தது பொன்சாமுவேல் அண்ணாச்சி. அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் வாளி தூக்கியதில்லை, அவருக்குப் பிடிக்கத் தெரியாமல் வேட்டியெல்லாம் குழம்பு சிந்தியிருந்தது. அவள் இலைக்கு முன்னால் குனிந்து, ஒரு கரண்டி ஊற்றினார், இன்னொரு கரண்டி ஊற்றினார், இரண்டு கறித்துண்டைத் தேடிப் போட்டார்.

"போதுமா, தாயி?" என்றார்.

லீதியாள் இலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"போடுங்க அண்ணாச்சி," என்றாள். "இன்னும் போடுங்க."